55.42 நொடி: பி.டி. உஷாவை உருவாக்கியது கடற்கரை மணல் மட்டும்தானா? பழவேற்காட்டுப் பெண்பிள்ளைக்கு அந்தப் பாதை எவ்வளவு தூரம்?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. அடுத்து 2036 ஒலிம்பிக்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறது இந்தியா. இந்த இரண்டு பேச்சிலும் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முகமாக இருப்பவர் பி.டி. உஷா. 2022 டிசம்பரில் அந்தச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவர். இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் கோட் போட்ட நிர்வாகி, மாநிலங்களவை எம்.பி. ஆனால் 1980-களில் ஊர்ப் பெண்பிள்ளை யாராவது கொஞ்சம் வேகமாக ஓடினால் போதும், "பெரிய பி.டி. உஷானு நெனப்பு" என்று கிண்டல் வரும். ஒரு பெயர் பழமொழி மாதிரி ஆனது அப்படித்தான்.

ஸ்டேடியம் கட்டுவது, பணம் ஒதுக்குவது பற்றி நிறைய செய்தி வருகிறது. அந்த ஸ்டேடியத்தில் ஓடப்போகிற பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு உஷாவின் கதையைத் திருப்பிப் பார்க்கலாம். கூடவே சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிற பழவேற்காட்டு மீனவக் குப்பங்களையும் வைத்துப் பார்க்கலாம். ஏன் பழவேற்காடு? உஷா பயிற்சி எடுத்ததும் கடற்கரை மணலில்தான். மணலுக்குப் பழவேற்காட்டில் பஞ்சமே இல்லை.

யார் இந்த "பய்யோளி எக்ஸ்பிரஸ்"?

1964 ஜூன் 27-ல் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம் கூத்தாளியில் பிறந்தவர். வளர்ந்தது பய்யோளி என்ற கடலோர ஊரில். சின்ன வயதில் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், வீட்டில் பண வசதியும் கிடையாது. ஆனால் தொடக்கப் பள்ளியிலேயே தன்னைவிடப் பெரிய மாணவியை ஓட்டத்தில் முந்திக் காட்டினார்.

இந்த இடம் வரை இது எல்லா ஊரிலும் நடக்கிற கதை. ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். ஸ்போர்ட்ஸ் டே அன்று எல்லாரையும் முந்தும், ஒரு சோப்பு டப்பாவோ எவர்சில்வர் தட்டோ வாங்கும், அதோடு முடிந்துவிடும்.

உஷாவுக்கு அதோடு முடியவில்லை. காரணம் 1976. அந்த வருஷம் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென்று ஒரு விளையாட்டுப் பள்ளியைத் தொடங்கியது. முதல் அணியில் 40 பெண்பிள்ளைகள், அதில் 12 வயது உஷாவும் ஒருத்தி. மாத உதவித்தொகை 250 ரூபாய். அங்கேதான் விமானப் படையில் இருந்து வந்த பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் அவரைப் பார்க்கிறார். அதற்குப் பிறகு பதினான்கு, பதினைந்து வருஷம் உஷாவின் ஓட்டத்தை நம்பியார்தான் கவனித்துக்கொண்டார். 1985-ல் துரோணாச்சார்யா விருது தொடங்கியபோது முதல் முறை விருது பெற்றவர்களில் அவரும் இருந்தார். 2021-ல் காலமானார்.

அரசுப் பள்ளி, விடுதி, சாப்பாடு, கையில் 250 ரூபாய், கூடவே இருந்த ஒரு பயிற்சியாளர். மணலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மணலில் ஓடினால் வேகம் வருமா?

வரும், ஆனால் பாதிதான். மணலில் கால் புதையும். ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதல் பலம் போட வேண்டும் என்பதால் கணுக்கால், கெண்டைக்கால், தொடை எல்லாம் உரமேறும். கீழே மெத்து என்று இருப்பதால் மூட்டுக்கும் அடி குறைவு. பயிற்சியின் தொடக்க மாதங்களுக்கு இது அருமை.

சிக்கல் அடுத்த கட்டத்தில். குறுந்தூர ஓட்டம் என்பது தரையைத் தட்டிவிட்டு உடனே மேலே எழும்புவது. பாதம் தரையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகம். மணல் அந்த உதையை விழுங்கிவிடும், திருப்பித் தராது. அதனால் மணலில் மட்டுமே ஓடிப் பழகியவர் முதல் முறை சிந்தெடிக் டிராக்கில் ஸ்பைக்ஸ் போட்டு நின்றால், அந்தத் தரை வேறு மாதிரி பேசும். வளைவில் ஓடுவது, ஸ்டார்டிங் பிளாக்கில் இருந்து கிளம்புவது, தடைகளுக்கு நடுவே எட்டுகளை எண்ணி வைப்பது என எதையும் கடற்கரையில் முழுசாகக் கற்றுக்கொள்ள முடியாது.

16 வயதில் மாஸ்கோ, 20 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ்

1980-ல் 16 வயதில் மாஸ்கோ ஒலிம்பிக். 100 மீட்டரில் 12.27 நொடி, முதல் சுற்றோடு வெளியே. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி. அடுத்த வருஷம் குவைத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 400 மீட்டர் தங்கம்.

பிறகு வந்தது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் சேர்க்கப்பட்ட வருஷம். உஷாவும் அந்த ஓட்டத்துக்குப் புதுசு. 400 மீட்டருக்குள் பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 76.2 செ.மீ. உயரம். முதல் தடைக்கு 45 மீட்டர், அதன் பிறகு தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடையைத் தாண்டி இன்னும் 40 மீட்டர். வேகம் மட்டும் இருந்தால் போதாது. எத்தனையாவது எட்டில் எந்தக் கால் முன்னால் வரும் என்ற கணக்கு மனசில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அரையிறுதியில் உஷா 55.94 நொடி. அமெரிக்காவின் ஜூடி பிரவுனை அவருடைய சொந்த மண்ணிலேயே முந்தி முதலிடம். இந்தியாவில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அப்போதே பதக்கம் கண்ணில் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, இறுதிப் போட்டி. முதல் தடவை துப்பாக்கி வெடித்ததும் ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் முந்திக் கிளம்பியதால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. திரும்ப முதலிலிருந்து. இரண்டாவது தடவை உஷாவுக்கு முதல் போட்ட தாளம் கிடைக்கவில்லை. கடைசி நேர்கோட்டில் எட்டிப் பிடித்தார். மொராக்கோவின் நவால் எல் மௌதவக்கில் 54.61, தங்கம். ஜூடி பிரவுன் 55.20, வெள்ளி. மூன்றாவது யார்?

ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. உஷா 55.42.

நூறில் ஒரு பங்கு நொடி. 400 மீட்டரை 55.42-ஆல் வகுத்துப் பார்த்தால் ஒரு நொடிக்குச் சுமார் 7.2 மீட்டர். அப்படியென்றால் அந்த வித்தியாசம் சுமார் 7 செ.மீ. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் போதும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. அந்த ஒலிம்பிக்கை சோவியத் அணி நாடுகள் புறக்கணித்தன. அந்தப் பக்கத்திலிருந்து மீறி வந்த நாடு ருமேனியா. உஷாவின் வெண்கலத்தைக் கொண்டுபோனதும் ருமேனியாதான்.

கஞ்சியும் ஊறுகாயும்

தோல்விக்குக் காரணம் கேட்டால் பலரும் அந்தத் தப்பான தொடக்கத்தைச் சொல்வார்கள். உஷா பல வருஷம் கழித்துச் சொன்னது வேறு. ஒலிம்பிக் கிராமத்தில் இருந்த சாப்பாடு பழக்கமில்லாதது. சரியான சத்துணவு தர இந்தியத் தரப்பில் ஏற்பாடும் இல்லை. அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன், கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு இல்லாமல் போனது என்பதுதான் அவர் பேட்டிகளில் சொன்னதன் சாரம்.

அதே ஓட்டத்தில் தங்கம் வென்ற நவாலைப் பாருங்கள். அவரும் ஏழ்மை குறையாத ஒரு நாட்டிலிருந்து வந்தவர்தான். ஆனால் அப்போது அமெரிக்காவின் அயோவா மாகாணப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு படித்துக்கொண்டிருந்தார். நல்ல டிராக், பயிற்சியாளர்கள், சாப்பாடு, படிப்பு எல்லாம் ஒரே வளாகத்தில். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண் அவர்தான். அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் நவால் என்று பெயர் வையுங்கள் என்று மொராக்கோ மன்னரே சொன்னார்.

அந்த ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் 4x400 தொடர் ஓட்ட அணியும் இறுதிச் சுற்றுக்குப் போய் ஏழாவது இடம் பிடித்தது. பெரும்பாலானோர் மறந்துபோன விஷயம். அந்த நாலு பேரில் உஷா, ஷைனி ஆபிரகாம், எம்.டி. வல்சம்மா என மூன்று பேர் கேரளா. நாலாவது வந்தனா ராவ், கர்நாடகா. ஒரு சின்ன மாநிலத்திலிருந்து மூன்று பேர் ஒலிம்பிக் இறுதிக்கு வந்ததை "பிறவித் திறமை" என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? பள்ளித் தடகளத்தை அங்கே திருவிழா மாதிரி நடத்தினார்கள், விடுதி வைத்தார்கள். அந்த வழியில்தான் பின்னாளில் பீனாமோள், அஞ்சு பாபி ஜார்ஜ் என்று வரிசையாக வந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் உண்மையான சாதனை

லாஸ் ஏஞ்சல்ஸ் தோல்வியோடு உஷாவின் கதையை முடிப்பவர்கள் பெரிய தப்பு செய்கிறார்கள். 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 100, 200, 400, 400 தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம் என ஐந்து தங்கம். போதாததற்கு 4x100-ல் ஒரு வெண்கலம். 100 மீட்டர் ஓடுகிறவரின் உடம்பு வேறு, 400 மீட்டர் தடை ஓட்டக்காரரின் உடம்பு வேறு. இரண்டையும் ஒரே தொடரில், சுற்றுக்கு மேல் சுற்று ஓடி ஜெயிப்பதை இன்று எந்தப் பயிற்சியாளரும் அனுமதிக்கவே மாட்டார்.

அடுத்தது 1986 சியோல் ஆசியப் போட்டி. இந்தியாவுக்குக் கிடைத்த மொத்தத் தங்கமே ஐந்து. ஒன்று மல்யுத்தத்தில் கர்தார் சிங். மீதி நாலும் 200, 400, 400 தடை ஓட்டம், 4x400. நாலிலும் உஷா இருந்தார். 100 மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகாவிடம் மட்டும் தோற்று வெள்ளி. ஒரு நாட்டின் பதக்கப் பட்டியலையே ஒரு பெண் தூக்கி நிறுத்திய தொடர் அது.

1988 சியோல் ஒலிம்பிக்கில் குதிகால் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். இதே ஊரில் இரண்டு வருஷத்துக்கு முன் ராணி. இந்த முறை திரும்பி வந்தபோது ஏச்சும் பேச்சும். அடுத்த வருஷம் டெல்லி ஆசிய சாம்பியன்ஷிப்பில் நாலு தங்கம் எடுத்துப் பதில் சொன்னார். 1991-ல் கல்யாணம், பிறகு குழந்தை. இந்தியாவில் ஒரு ஓட்டக்காரியின் கதை அங்கே முடிந்துவிடும் என்பதுதான் வழக்கம். உஷா திரும்ப வந்தார். 1998 ஃபுகுவோகா ஆசிய சாம்பியன்ஷிப்பில், 34 வயதில், ஒரு பிள்ளைக்குத் தாயாக, 200, 400 இரண்டிலும் வெண்கலம், 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம். 2000-ல்தான் ஓய்வு.

2002-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் சொந்தமாகத் தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கிருந்து வந்த டின்டு லூகா 800 மீட்டரில் தேசிய சாதனை படைத்தார்.

நிர்வாகியாக அவருடைய காலம் அவ்வளவு சுகமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது, தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம் என்கிற மாதிரி உஷா பேசினார். கடுமையான எதிர்ப்பு கிளம்பியது. சில நாளில் அவரே அங்கே போய் வீராங்கனைகளைப் பார்த்தார். கஞ்சி குடித்து ஓடியவர், கேட்பாரில்லாமல் நின்றவர், இன்னொரு பெண் நியாயம் கேட்கும்போது அப்படிப் பேசலாமா என்ற கேள்வி இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

39 வருஷம் கழித்து அதே எண்

2023 அக்டோபர் 2, சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டி. 400 மீட்டர் தடை ஓட்டம், முதல் சுற்று. கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் கோட்டைத் தொட்டதும் திரையில் தெரிந்த எண்: 55.42. நூறில் ஒரு பங்குகூட மாறாமல் உஷாவின் அதே நேரம். மறுநாள் இறுதியில் 55.68, வெண்கலம்.

வித்யாவின் அப்பா வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். வித்யாவும் இரட்டைச் சகோதரி நித்யாவும் பள்ளிப் பருவத்தில் ஈரோட்டில் அரசு விளையாட்டு விடுதியில் சேர்ந்து பயிற்சி பெற்றவர்கள். ஹாங்சோவுக்கு இரண்டு பேருமே போனார்கள். அதாவது கண்ணூரில் உஷாவுக்குக் கிடைத்தது, ஈரோட்டில் இவர்களுக்குக் கிடைத்தது. பெயர் வேறு, ஏற்பாடு ஒன்றுதான்.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியின் கதை தமிழ்நாடு அறிந்தது. சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பேத்தியை அனுப்பத் தயங்கிய பாட்டியிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, ஷூ, விடுதி, கல்லூரி என்று வழி செய்து கொடுத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி ஓடினார். கண்ணன் அன்று வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தால்?

திருச்சி தனலட்சுமியின் கதை இதற்கு மறுபக்கம். 2021-ல் ஃபெடரேஷன் கோப்பை 200 மீட்டரில் உஷாவின் 23 வருஷப் போட்டிச் சாதனையை 23.26 நொடியில் உடைத்தார். டோக்கியோவுக்குப் போனார். திரும்பி வந்து விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் அக்கா இறந்துபோன சேதி அவருக்குச் சொல்லப்பட்டது. ஓட்டம் கெட்டுவிடக் கூடாது என்று குடும்பம் மறைத்து வைத்திருந்தது. அடுத்த வருஷமே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கைகளில் இந்தியாவின் பெயர் வருஷா வருஷம் மேலே வருவது தனிக் கதை. மருந்து எடுத்தது தப்புதான், அதில் வாதம் இல்லை. ஆனால் ஒரு பதக்கம் வந்தால்தான் வேலை, வேலை வந்தால்தான் வீடு என்ற நிலைமையில் நிற்கிற பிள்ளையிடம் குறுக்கு வழியை விற்கிறவன் எளிதாக நெருங்கிவிடுகிறான்.

சரி, பழவேற்காட்டுக்கு வருவோம்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு மூலை தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுகிற நாட்களில் கடலுக்குப் போகாதீர்கள் என்று இங்கே அறிவிப்பு வரும். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணூர் அனல்மின் நிலையங்கள். லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் என்று மணல் மேட்டில் வரிசையாக மீனவ ஊர்கள்.

ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை விரிப்பது என்பதை முறைவைத்துப் பிரிக்கும் "பாடு" என்ற பழைய ஏற்பாடு இங்கே உண்டு. சண்டை வராமல் இருக்கச் சீட்டுப் போட்டு முறை பிரிக்கும் அருமையான வழக்கம். ஆனால் பாடு ஆண்கள் கணக்கில்தான். பெண்களுக்கு மீன் விற்பது, கருவாடு போடுவது, ஏரித் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பது, சில ஊர்களில் பனை ஓலைக் கூடை முடைவது. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குறையும், வீட்டில் காசு குறையும். காசு குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளையின் எது என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது இந்த ஊரில் 12 வயதில் ஒரு பிள்ளை காற்றாய் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முன்னால் என்னென்ன இருக்கிறது?

மணல் இருக்கிறது. உடம்பில் உரமும் இருக்கும், அலையில் நின்று வளர்ந்த பிள்ளை. அடுத்தது டிராக். எல்லாருக்கும் தெரிந்த சிந்தெடிக் ஓடுதளம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். ஸ்கூல் விட்டு வந்து தினமும் செய்யக்கூடிய காரியமில்லை. கூட யார் போவது? அம்மா விடிகாலை மீன் ஏலத்தில் நிற்பார்.

சாப்பாடு? மீனவ ஊரில் புரதத்துக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் காசு தருகிற பெரிய இறாலும் நண்டும் வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குப் போகிறது. வீட்டுக் குழம்புக்கு வருவது மிச்சம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் தசைக்குப் போகிற ஆக்சிஜன் குறையும். 400 மீட்டர் ஓடுகிறவருக்குக் கடைசி 50 மீட்டரில் கால் கல்லாகிப்போகும். லாஸ் ஏஞ்சல்ஸில் உஷாவுக்கு ஒரு நாள் நடந்தது, இங்கே தினமும் நடக்கலாம்.

இதையெல்லாம் தாண்டினாலும் 13, 14 வயது என்று ஒன்று வரும். வயசுக்கு வந்த பிள்ளை அரை டிரவுசர் போட்டு ஊர் பார்க்க ஓடுவதா என்ற பேச்சு. மாதவிடாய் நாட்களைப் பற்றி ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சம். பள்ளியில் உடை மாற்ற ஒரு அறை இருக்காது. திறமை குறைந்து ஓட்டத்தை விட்டவர்களைவிட இந்தப் பேச்சில் விட்டவர்கள்தான் நம் ஊர்களில் அதிகம் இருப்பார்கள்.

அரசு வழி என்ன இருக்கிறது?

இல்லாமல் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் இலவசம். 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேரும் மாணவ மாணவிகளுக்கு வருஷா வருஷம் கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு நடக்கும். விண்ணப்பம் ஆன்லைனில். வித்யா, நித்யா போன்றவர்கள் வந்த வழி இதுதான்.

முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட அளவில் தனிநபர் போட்டியில் முதலிடம் என்றால் 3,000 ரூபாய், மாநில அளவில் என்றால் 1 லட்சம். வளர்ந்த பிறகு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். ரயில்வே இன்னொரு பெரிய கதவு. உஷாவுக்கும் ரேவதிக்கும் சம்பளம் கொடுத்தது ரயில்வேதான்.

ஆக, பாதை இருக்கிறது. ஆனால் அது ஏரிக்கரையில் தொடங்கவில்லை. மாவட்டத் தேர்வு நடக்கும் மைதானத்தில்தான் தொடங்குகிறது. அந்த மைதானம் வரைக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது யார் வேலை என்று எந்த அரசாணையிலும் தெளிவாக இல்லை. நடைமுறையில் அது உடற்கல்வி ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. அவர் இருக்கிற பள்ளியில் பிள்ளை படித்தால் அதிர்ஷ்டம். நடுநிலைப் பள்ளியில் அந்தப் பணியிடமே இல்லையென்றால், கணக்கு டீச்சர் விசிலை எடுத்து ஊதினால்தான் உண்டு.

மாநிலம் முழுக்கப் புதிய மைதானங்கள் அறிவிக்கப்படுவது நல்லதுதான். அதைவிடச் செலவு குறைந்த காரியம் ஒன்று இருக்கிறது. விடுதித் தேர்வுக்கு முன்னால், பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ உட்கார்ந்து பிள்ளைகளை எதிர்பார்க்காமல், பயிற்சியாளர் ஒருவர் ஸ்டாப் வாட்சோடு குப்பங்களுக்கே வரலாம். ஒரு நாளைக்கு இரண்டு ஊர். 30 மீட்டர் ஓடவிட்டு, நின்ற இடத்திலிருந்து தாண்டவிட்டு, உயரம் அளந்தாலே 11, 12 வயதில் யாரிடம் வேகம் இருக்கிறது என்று பெருமளவு தெரிந்துவிடும். பஞ்சாயத்தில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால், அம்மாமார்களையும் உட்கார வைத்து, விடுதியில் யார் பார்த்துக்கொள்வார்கள், பெண் வார்டன் உண்டா, மாதம் எத்தனை நாள் வீட்டுக்கு வரலாம், படிப்பு கெடுமா, கால் உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். ரேவதியின் பாட்டியிடம் கண்ணன் தனி ஆளாகச் செய்த வேலை இது. அதை ஒரு துறை செய்ய முடியாதா?

தேதியைப் பார்த்துச் செய்தால் இன்னும் நல்லது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பாக்கள் கரையில் இருக்கும் நேரம் அது. பள்ளிக்கும் கோடை விடுமுறை. விடுதிச் சேர்க்கையும் கிட்டத்தட்ட அதே வாரங்களில்தான் வருகிறது.